'உங்க வீட்டு ரத்தம்': ஒரு அலர்ஜி ரிப்போர்ட்டை முன்வைத்து

போன மாதம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். 34 பக்கம். அவளுடைய ஏழு மாதக் குழந்தையின் வாயில் குச்சியைத் தடவி எச்சில் எடுத்து, கூரியரில் அனுப்பி, ஆறு வாரம் காத்திருந்து வாங்கிய மரபணு ரிப்போர்ட். குழந்தைக்கு மூன்றாவது மாதத்திலிருந்தே கன்னத்திலும் கைகால்களிலும் கரப்பான். ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு அழுகிறான். யாரும் தூங்குவதில்லை.

பிடிஎஃப்புக்குக் கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். "படிச்சுட்டு சொல்லுடா. அத்தை இதையேதான் பேசிட்டிருக்காங்க. எங்க வீட்ல யாருக்கும் கிடையாது, இது உங்க வீட்டு ரத்தம்னு. இப்ப ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லுது."

அவள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. எங்கள் அப்பாவுக்கு ஆஸ்துமா. எனக்கு வருடத்தில் நாலு மாதம் தும்மல். அதனால்தான் இந்த ரிப்போர்ட்டை உட்கார்ந்து, ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிற மாதிரி, வரி வரியாகப் படித்தேன். நான் டாக்டர் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுக்கிற பழக்கம் மட்டும் உண்டு, இந்த வலைப்பதிவை வாசிப்பவர்களுக்கு அது தெரியும்.

34 பக்கத்தில் எனக்கு வேண்டியது மூன்றுதான். ஒன்றில் ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி ஒரு படம், முள் சிவப்பில் நிற்கிறது: 'ஒவ்வாமைக்கான மரபணு ரிஸ்க் – அதிகம்'. அடுத்ததில், 'தோல் தடுப்பு, ஃபிலாக்ரின் – மாறுபாடு இல்லை, இயல்பு'. மூன்றாவதில் பரிந்துரை: 'நிலக்கடலை, முட்டை ஆகியவற்றை மூன்று வயது வரை தவிர்க்கவும்'. மூன்றுமே மூன்று விதமாகத் தப்பு என்பது என் கருத்து. மூன்றாவது தப்பு ஆபத்தானதும்கூட.

முதலில் அந்த மீட்டர். அலர்ஜி குடும்பத்தில் வரும் என்பது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1916-லேயே அமெரிக்காவில் குக், வாண்டர் வீர் என்ற இரண்டு பேர் நூற்றுக்கணக்கான அலர்ஜி நோயாளிகளின் குடும்ப வரலாற்றைக் கேட்டு எழுதினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு முன்னோர் யாருக்காவது இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு இரட்டையர் ஆய்வுகள் வந்தன. நிலக்கடலை அலர்ஜிக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது 2000-இல் சிச்சரர் குழு வெளியிட்டதை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு அலர்ஜி இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 64 சதவீதம். இரு கருவில் பிறந்த இரட்டையரில் வெறும் 7. இதை வைத்து, நிலக்கடலை அலர்ஜியின் 'மரபுத்தன்மை' 80 சதவீதத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். (முதல் வகையில் மொத்தம் 14 ஜோடிகள்தான் என்பதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் எழுதுகிறவர்கள் ஏராளம்.)

80 சதவீதம்னு கேட்டதும் மனசுக்குள் என்ன ஓடும்? நூற்றில் எண்பது பங்கு விதி, மீதி இருபதுதான் நம்ம கையில். அக்கா அப்படித்தான் புரிந்துகொண்டாள். நானும் பல வருடம் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் அது இல்லவே இல்லை.

சென்னையில் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரு தெருவில் பத்து வீடு. சிலது பேஸ்மெண்ட்டை உயர்த்திக் கட்டியது, சிலது தாழ்வு. தண்ணீர் வந்தால் எந்த வீட்டுக்குள் நுழையும் என்பதைப் பேஸ்மெண்ட் உயரம்தான் தீர்மானிக்கும். அந்தத் தெருவை மட்டும் அளந்து பார்த்தால், 'வீடு மூழ்குவதற்குக் காரணம் 80 சதவீதம் பேஸ்மெண்ட்'னு கணக்கு வரும். கணக்கு சரிதான். ஆனால் ஏரி உடையாத ஊரில் அதே தாழ்வான வீடுகள் ஒன்றுமே ஆகாமல் நிற்கும். அந்த 80-ஐ வைத்துக்கொண்டு வெள்ளத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. தெருவில் எல்லாருக்கும் ஒரே வெள்ளம் என்பதால் அது கணக்குக்குள்ளேயே வரவில்லை.

இது வெறும் உவமை இல்லை. நிலக்கடலை விஷயத்தில் இதைக் கிட்டத்தட்ட நேராகவே பார்த்துவிட்டார்கள். லண்டனில் கிடியன் லாக் என்ற குழந்தைகள் அலர்ஜி மருத்துவர், டெல் அவிவில் பேசப் போன இடத்தில், நிலக்கடலை அலர்ஜி உள்ள குழந்தையைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டிருக்கிறார். அதே கேள்விக்குப் பிரிட்டனில் அரங்கமே கை தூக்கும். அங்கே இரண்டு மூன்று கைதான். அந்த வியப்பிலிருந்து பிறந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பிரிட்டனிலும் இஸ்ரேலிலும் தலா ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யூதப் பள்ளிக் குழந்தைகள். வம்சாவளி கிட்டத்தட்ட ஒன்று. நிலக்கடலை அலர்ஜி பிரிட்டனில் 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17. பத்து மடங்கு வித்தியாசம். இஸ்ரேலியக் குழந்தைகள் எட்டு ஒன்பது மாதத்திலேயே 'பம்பா' என்ற நிலக்கடலை நொறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். மாதத்துக்குச் சராசரியாக 7 கிராம் நிலக்கடலைப் புரதம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிரிட்டனில் அது பூஜ்யம். அங்கே ரிஸ்க் உள்ள குடும்பங்களைத் தவிர்க்கச் சொல்லி 1998-இலேயே அரசு ஆலோசனை வந்திருந்தது.

ரிப்போர்ட்டில் இருக்கும் மீட்டர் வெள்ளத்தை அளக்கவில்லை. பேஸ்மெண்ட்டையாவது ஒழுங்காக அளந்ததா? அதுவும் சந்தேகம்தான். 2017-இல் ஃபெரேரா முதலான ஒரு பெரிய கூட்டணி 3,60,838 பேரின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, ஆஸ்துமா, ஹே ஃபீவர், எக்சிமா மூன்றுக்கும் பொதுவான 136 மாறுபாடுகளைப் பட்டியலிட்டது. நல்ல வேலை. மூன்று நோய்களும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன என்பதை அதற்கு முன்னால் யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு மாறுபாடும் ரிஸ்க்கை நகர்த்துவது துளித்துளியாக. ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தத் துளிகளில் ஒரு பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கிக் கூட்டி, மதுரைக் குழந்தை ஒன்றின் முள்ளைச் சிவப்பில் நிறுத்துவதற்கு என்ன ஆதாரம்? 34 பக்கத்தில் ஓரிடத்திலும் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது பக்கத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். ஏனென்றால் ஃபிலாக்ரின் கதை நிஜமாகவே அழகானது.

1980களின் கடைசியிலிருந்து 'ஆஸ்துமா மரபணு', 'அலர்ஜி மரபணு' என்று வருடத்துக்கு நாலு அறிவிப்பு வரும். 1989-இல் ஆக்ஸ்ஃபோர்ட் குழு ஒன்று 11-ஆம் குரோமோசோமைக் காட்டியது. பல ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தபோது கிடைக்கவில்லை. இப்படியே நூற்றுக்கும் மேல் மரபணுக்கள் பட்டியலில் சேர்ந்தன, பலது ஓசையில்லாமல் மறைந்தன. எல்லாரும் தேடியது ஒரே இடத்தில், நோய் எதிர்ப்பு மண்டலத்தில். அலர்ஜி என்றால் எதிர்ப்புச் சக்தியின் கோளாறு, தோல் அரிப்பது அதன் விளைவு. அன்றைக்கு அதுதான் பாடம்.

2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீன் குழு, டப்ளினின் ஆலன் இர்வைனுடன் சேர்ந்து, 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரை போட்டது. முதலாவது, மீன் செதில் மாதிரித் தோல் உரிகிற ஒரு பரம்பரை நோய்க்குக் காரணம் ஃபிலாக்ரின் மரபணுவின் பழுது என்று காட்டியது. இரண்டாவது, அதே பழுதுதான் கரப்பானுக்கும் பெரிய காரணி என்று காட்டியது. ஆர்501எக்ஸ், 2282டெல்4 என்று இரண்டு பழுதுகள். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 9 சதவீதம் பேர் இதில் ஒன்றைச் சுமக்கிறார்கள்.

ஃபிலாக்ரின் என்ன செய்கிறது? தோலின் மேலடுக்குச் செல்கள் சாகப்போகும் தறுவாயில், அவற்றுக்குள் இருக்கும் கெராட்டின் இழைகளைக் கட்டி இறுக்கி, செல்லைத் தட்டையாக்குகிறது. பிறகு தானே உடைந்து சின்ன அமினோ அமிலங்களாகி, தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அது இல்லையென்றால் ஈரம் வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். மரபணுவின் முக்கியப் பகுதியில் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம் பத்து முதல் பன்னிரண்டு முறை திரும்பத் திரும்ப வருகிறது. பல்லவியையே பன்னிரண்டு தடவை பாடுகிற பாட்டில் எந்தத் தடவை பிசிறியது என்று கண்டுபிடிக்கிற மாதிரி வேலை. இவ்வளவு காலம் இது கண்ணில் படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ்துமா பற்றிய பகுதி. இந்தப் பழுது இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் அதிகம், ஆனால் கரப்பானோடு சேர்ந்து வரும் ஆஸ்துமாதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஃபிலாக்ரினே கிடையாது. அப்படியென்றால் நுரையீரல் நோய்க்கான கதவு தோலில் திறந்திருக்கிறது! இத்தனை வருடம் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டிருந்த கதையை ஒரு மரபணு திருப்பிப் போட்டது.

ஒரு சுவாரசியம். ஃபிலாக்ரின் பழுது இருப்பவர்களின் உள்ளங்கையில் ரேகைகள் கூடுதலாகவும் ஆழமாகவும் இருக்கும். தோல் மருத்துவர்கள் கையை விரிக்கச் சொல்லிப் பார்ப்பதுண்டு. கைரேகை பார்த்துப் பலன் சொல்வதில் ஏதோ ஒரு மூலையில் இவ்வளவாவது உண்மை இருக்கிறது பாருங்கள்.

இப்போது அக்காவின் ரிப்போர்ட். 'மாறுபாடு இல்லை, இயல்பு' என்கிறது. பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், எதைப் பார்த்தார்கள் என்று இருக்கிறது. ஆர்501எக்ஸ், 2282டெல்4. அவ்வளவுதான். அந்த இரண்டும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, டென்மார்க் மக்களிடம் கண்டெடுத்தவை. 2007-இல் ஜப்பானியர்களிடம் தேடியபோது அதே மரபணுவில் வேறு இடங்களில் வேறு பழுதுகள் கிடைத்தன, சீனர்களிடம் வேறு சில. மரபணு ஒன்று, அது உடைகிற இடம் மக்களுக்கு மக்கள் வேறு. டப்ளின் வீட்டுச் சாவியை மதுரை வீட்டுப் பூட்டில் போட்டுப் பார்த்து, திறக்கவில்லை, ஆகவே கதவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். 'தேடிய இரண்டு இடத்தில் பழுது இல்லை' என்பது ஒரு செய்தி. 'இயல்பு' என்பது வேறு செய்தி. இரண்டாவதை அச்சடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

முழு மரபணுவையும் படித்து, பழுது இருக்கிறது என்றே வந்திருந்தாலும் என்ன? ஒரு பிரதி மட்டும் பழுதான பலருக்குக் கரப்பான் வருவதே இல்லை. மறுபக்கம், ஐரோப்பாவிலேயே கரப்பான் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் இந்தப் பழுது கிடையாது. 'பெரிய காரணி' என்று கட்டுரைத் தலைப்பிலேயே இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் துளித்துளியான மற்றதோடு ஒப்பிட்டுத்தான் இது பெரிது. அந்த ஒப்பீட்டைக் கழற்றிவிட்டுத் தலைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.

ஃபிலாக்ரினின் நிஜ மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. மான்செஸ்டரில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளை வைத்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. குழந்தையின் முதல் வருடத்தில் வீட்டுத் தூசியில் எவ்வளவு நிலக்கடலைப் புரதம் இருந்தது என்று அளந்தார்கள். ஃபிலாக்ரின் பழுது உள்ள குழந்தைகளில், தூசியில் கடலை ஏற ஏற, பிற்பாடு அலர்ஜியும் ஏறியது. பழுது இல்லாத குழந்தைகளில் தூசி கூடினாலும் குறைந்தாலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பேஸ்மெண்ட்டும் வெள்ளமும் ஒரே சட்டகத்தில் மாட்டிய படம் இது. 'மரபணு எவ்வளவு, சூழல் எவ்வளவு' என்று சதவீதம் பிரிப்பதே ஏன் அர்த்தமற்றது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லாக் 2003-லேயே இன்னொன்று கவனித்திருந்தார். பிரிட்டனில் நிலக்கடலை அலர்ஜி வந்த குழந்தைகளுக்கு, சிறு வயதில் கடலை எண்ணெய் கலந்த தோல் களிம்புகள் தடவியிருப்பது அதிகம். இரண்டையும் சேர்த்தால் ஒரு கருதுகோள் வருகிறது: கிழிந்த தோல் வழியாக முதலில் அறிமுகமாகும் உணவை உடல் எதிரியாகப் பதிவு செய்கிறது. வாய் வழியாக அறிமுகமானால் பழகிக்கொள்கிறது.

அப்படியென்றால் தீர்வு எளிதுதானே, தோல்தான் ஓட்டை, தோலை அடைத்துவிடலாம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரிட்டனில் 'பீப்' என்று ஒரு சோதனை. அலர்ஜிக் குடும்பங்களில் பிறந்த 1,394 பச்சிளம் குழந்தைகள். பாதிப் பேருக்கு ஒரு வருடம் தினமும் ஈரப்பதக் களிம்பு. 2020-இல் 'லான்செட்'டில் முடிவு வந்தது. இரண்டு வயதில் கரப்பான், தடவியவர்களில் 23 சதவீதம், தடவாதவர்களில் 25. அதாவது ஒன்றும் இல்லை. தோல் தொற்று மட்டும் தடவியவர்களில் கொஞ்சம் கூடுதல். அதே இதழிலேயே நார்வே, ஸ்வீடனில் 2,397 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையும் வந்தது. அங்கேயும் களிம்பு தோற்றது.

களிம்பு விற்கும் விளம்பரங்கள் இன்னும் 'தோல் தடுப்பு' பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. மரபணுவிலிருந்து மருந்துக்கு நேர்க்கோடு போடுகிறவர்கள் இந்த இரண்டு கட்டுரைகளையும் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். (வந்துவிட்ட கரப்பானுக்குக் களிம்பு தடவுவது வேறு விஷயம். அது அவசியம். நான் சொல்வது வராமல் தடுப்பதைப் பற்றி.)

வாய் வழி என்ன ஆனது? அதற்குத்தான் 'லீப்' சோதனை, லாக் குழுவே செய்தது, 2015. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகள், வயது 4 முதல் 11 மாதம். அதாவது என் அக்கா மகன் வயது, அவன் நிலைமை. பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை வாரா வாரம் நிலக்கடலை. பாதிப் பேர் தொடவே கூடாது. தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் ஒன்றும் இல்லாதவர்களில், ஐந்து வயதில் நிலக்கடலை அலர்ஜி இருந்தது: தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம், சாப்பிட்டவர்களில் 1.9. நார்வே, ஸ்வீடன் சோதனையில் களிம்பு தோற்றாலும், சீக்கிரமே உணவுகளை ஊட்டிய பிரிவில் உணவு அலர்ஜி குறைந்தது என்று 2022-இல் எழுதினார்கள். ஒரே சோதனை, ஒரு பாதி தோல்வி, ஒரு பாதி வெற்றி.

இப்போது அந்த மூன்றாவது பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். 'நிலக்கடலை மூன்று வயது வரை தவிர்க்கவும்.' இது 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொன்னது. 2008-இல் அவர்களே கைவிட்டது. 2017-இல் அமெரிக்க வழிகாட்டுதல் நேரெதிராகத் திரும்பி, ரிஸ்க் உள்ள குழந்தைக்குத்தான் சீக்கிரம் கொடுக்கச் சொன்னது. புது டிஎன்ஏ இயந்திரத்தில் பழைய ஆலோசனையை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். இதை நம்பி இன்னும் இரண்டு வருடம் தவிர்த்திருந்தால், ரிப்போர்ட் சொன்ன ஜோசியத்தை ரிப்போர்ட்டே பலிக்க வைத்திருக்கும். 'பார்த்தியா, சயின்ஸ் அப்பவே சொல்லுச்சு' என்று வீட்டில் பேசியும் இருப்பார்கள்.

லீப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தோல் பரிசோதனையில் பெரிதாகத் தடிப்பு வந்த குழந்தைகளை அவர்கள் சோதனையில் சேர்க்கவே இல்லை. ஆகவே கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு, இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே வீட்டில் கடலையை ஊட்ட வேண்டாம். டாக்டர் பரிசோதித்த பிறகுதான். அப்போதும் முழுக் கடலை கூடவே கூடாது, தொண்டையில் சிக்கும். அரைத்துக் கரைத்ததுதான்.

இவ்வளவையும் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. அவள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. "அது சரிடா, அத்தைகிட்ட என்ன சொல்றது?"

யோசித்துப் பார்த்தால் இதுதான் அவளுக்கு முதல் கேள்வியே. நான்தான் ஊர் சுற்றி வந்திருக்கிறேன். குழந்தையின் மரபணுவில் பாதி அத்தானுடையது, ஒரு பிரதி பழுதாகி வெளியே தெரியாமலே ஒருவர் வாழ்ந்துவிடலாம், அதனால் 'எங்க வீட்ல யாருக்கும் இல்ல' என்பது எதையும் நிரூபிக்காது என்று சொன்னேன். கூடவே, விளையாட்டாக, உள்ளங்கை விஷயத்தையும். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. மறுநாள் காலை ஐந்து உள்ளங்கைகளின் போட்டோ வந்தது, அத்தையுடையதும் சேர்த்து. போட்டோவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதுன்னு எழுதினேன். அத்தை சிரித்தாங்கன்னு பதில் வந்தது. அந்த வீட்டில் மூன்று மாதமாக யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அலர்ஜி டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். ரிப்போர்ட்டை எடுத்துப் போகவா என்று கேட்டாள். 11-ஆம் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கோ, எந்த இரண்டு மாறுபாட்டைப் பார்த்தாங்கன்னு அதுலதான் இருக்கு என்றேன்.